நெடுந்தீவில் இரண்டு இரவுகள்

நாற்புறமும் நீராற் சூழப்பட்ட நிலம் தீவு எனப்படும் என்று இளமையிலே பள்ளிக்கூடத்தில் மனனஞ் செய்தோம். ஆசிரியர் வினாவிய போதெல்லாம் தவறாமல் ஒப்புவித்தோம். அந்த வரைவிலக்கணத்திலே பிழையொன்றும் இல்லை. ஆயினும் அதனைக் கரையிலே நின்ற ஒருவரே எழுதியிருத்தல் வேண்டுமென இப்பொழுது எனக்குத் தோன்றுகின்றது. தீவிலே வாழ்பவர் ஒருவரைக் கேட்டிருந்தால், நீரைப் பற்றி அவர் முதலிற் சொல்லியிரார். படகைப் பற்றியே சொல்லியிருப்பார். படகு எத்தனை மணிக்கு வரும், எத்தனை பேரை ஏற்றும், இன்றைக்கு வருமா வராதா என்பவையே அவருக்குத் தீவு. இதனை நான் அறிந்துகொள்வதற்கு நெடுந்தீவிலே இரண்டு இரவுகள் தங்க நேர்ந்தது. ஓர் இரவு தங்குவதாகவே போனேன். இரண்டாவது இரவு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு பங்குனி மாதத்திலே, பூரணை விடுமுறையோடு சனியும் ஞாயிறும் அடுத்து வந்த ஒரு கிழமையில் நான் புறப்பட்டேன். நெடுந்தீவுப் பிரயாணத்திற்குப் பங்குனி நல்ல மாதம். மாரிக்கால வாடை ஓய்ந்திருக்கும். சோளகம் இன்னும் எழுந்திராது. இரண்டு காற்றுகளுக்கும் நடுவே கடல் சிறிது இளைப்பாறுகின்ற காலம் அது. இந்த நியாயத்தை என்னைப் போலவே வேறு பலரும் அறிந்து வைத்திருந்தார்கள் என்பதை யாழ்ப்பாண பஸ் நிலையத்திலேயே கண்டேன். குறிகட்டுவான் என்ற பெயர்ப்பலகையுடன் நின்ற வண்டியிலே, விடியற்காலையிலேயே இருக்கைகள் நிறைந்துவிட்டன. முதுகிலே பையும் கழுத்திலே படப்பெட்டியுமாக இளைஞர்கள் ஏறினார்கள். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்த குடும்பத்தினர் பூத்தட்டோடு ஏறினார்கள். நாகவிகாரைக்குச் செல்லும் சிங்கள அடியார்கள் வெள்ளுடை தரித்து ஏறினார்கள். இவர்கள் யாவருக்கும் கால்மாட்டிலே அரிசி மூடைகளும், மண்வெட்டிப் பிடிகளும், ஒரு கட்டுக் குழாயும் கிடந்தன. அவை நெடுந்தீவாருடையவை. பொருள் கிடந்த அளவுக்கு ஆள் தென்படவில்லை. மூடைக்காரர் பலர் பின்வாசலிலே தொங்கியபடி நின்றார்கள்.

கோட்டையைக் கடந்ததும் பண்ணைத் தாம்போதி. இருமருங்கும் பரவைக்கடல், முழங்காலளவு நீரிலே தடிகளை நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். தடியின் தலைதோறும் ஒரு நீர்க்காகம். நடுவழியிலே இடப்பக்கம் மண்டைதீவுக்கு ஒரு கிளை பிரிகின்றது. பின்னர் அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. வண்டி கடலைக் கடந்து ஒரு தீவுக்கு வந்துவிட்டது என்ற உணர்வே பயணிக்கு உண்டாவதில்லை. தாம்போதி ஒன்றைப் போட்டுவிட்டால் தீவு தீவாக இருப்பதை விட்டுவிடுகின்றது.

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்கு வைத்தார்கள். வேலணை லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. இன்றைக்கு மிடில்பேர்க்கிற்குப் போகும் பஸ் எது என்று யாரையாவது கேட்டால், கேட்டவரைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்னும் பெயர் மாத்திரம் ஆங்கிலத்திலே நிலைத்துவிட்டது. அவர்களுக்கு முன்வந்த போர்த்துக்கேயர் இதனைப் பசுத்தீவு என்று தங்கள் மொழியிலே அழைத்தார்கள். வந்தவர் தத்தம் கண்ணிற் பட்டதையும் நெஞ்சிற் கிடந்ததையும் பெயராக இட்டார்கள். அங்கு இருந்தவர்களுக்கு அது நெடிய தீவாகவே இருந்தது, இருக்கின்றது.

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியை ஊரவர் வாணர் தாம்போதி என்பர். அதற்காகப் பாடுபட்ட புங்குடுதீவு அம்பலவாணர் சகோதரர்களை இப்பெயரால் நினைவுகூருகிறார்கள். அதனைக் கடந்து புங்குடுதீவுக்குள்ளே செல்கையில் மனம் கனத்தது. பெரிய கல்வீடுகள் கூரையின்றி நிற்கின்றன. முன்மண்டபத்துத் தூண்களுக்கிடையே ஆலும் அரசும் முளைத்திருக்கின்றன. கடைவைத்துப் பொருளீட்டித் தென்னிலங்கையிலே பேர்பெற்ற ஊர் இது. 1990களின் தொடக்கத்தில் போர் துரத்தச் சென்றவர்களின் பிள்ளைகள் இன்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு வருவார்கள், கோயிலுக்கு வர்ணம் பூசுவார்கள், திரும்பிவிடுவார்கள். தாம்போதி உள்ள தீவிலிருந்து இத்தனை பேர் போய்விட்டார்கள். தாம்போதி இல்லாத தீவிலே சில ஆயிரம் பேர் இன்னும் இருக்கிறார்கள். இதற்குக் காரணம் என்னவென்று வண்டியிலே அருகிருந்த பெரியவரை வினவினேன். "போறதுக்குக் காசும் வேணுமெல்லோ தம்பி" என்று சுருக்கமாக விடையிறுத்தார்.

குறிகட்டுவான் என்பது ஓர் ஊரன்று, ஒரு முனை. பாதை அங்கே முடிந்து கடலுக்குள் நீண்ட இறங்குதுறையாகின்றது. எதிரே கைநீட்டினால் எட்டிவிடும்போல நயினாதீவு தெரிகின்றது. கோயிற் கோபுரமும் விகாரையின் வெண்தாதுகோபமும் ஒரே கரையிலே தோன்றும். அந்த அம்மன் கோயிலிலே பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறையிலே வந்திறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்பட வேண்டும் என்று அரசன் அதிலே ஆணையிடுகிறான். யானையுங் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் நாலிலொன்று அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கேற்றிய கலம் கெட்டாற் சரிபாதி என்று விதிக்கிறான். இக்கடலிலே கலம் உடைவது அரிய நிகழ்ச்சியாக இருந்திருந்தால் இதற்கெனச் சட்டம் வகுத்துக் கல்லிலே வெட்டியிருக்க மாட்டான். துறையிலே காத்து நின்ற வேளையில் எனக்கு இந்நினைவு வந்தது. காத்து நிற்பவனுக்கு எந்நினைவுதான் வராது!

நயினாதீவுக்கான படகுகள் அடுத்தடுத்துப் போய்வந்துகொண்டிருந்தன. நெடுந்தீவுக்கான படகோ நாளுக்குச் சில தடவைகளே. வரிசை நீண்டு வளைந்து மீன்பெட்டிகளைச் சுற்றி நின்றது. படகுக்காரர் ஒருவர் தலைகளை எண்ணி எண்ணி உள்ளே விட்டார். குறித்த தொகைக்கு மேல் ஏற்றலாகாது என்பது விதி. கடல்மேல் அது நல்ல விதியேயாகும். எனக்கு முன் பன்னிரண்டு பேர் போனார்கள். நான் காலைத் தூக்கி வைத்ததும் அவர் கையைக் குறுக்கே நீட்டினார். "காணும். மற்றவை அடுத்த படகில வாங்கோ."

எனக்குப் பின்னாலே ஓர் இளைஞன் நின்றான். மார்போடு ஒரு சுடுநீர்ப்போத்தலை அணைத்துப் பிடித்திருந்தான். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இயந்திரம் முழங்கியதனாலே என் செவியில் விழவில்லை. கயிறு அவிழ்க்கப்பட்டது. கடைசி இடம் எனக்குக் கிடைத்ததையிட்டு நான் மகிழ்ந்தேன் என்பதையும் இங்கே மறைக்காமற் சொல்லிவிட வேண்டும்.

பிரயாணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நயினாதீவின் மறைவைத் தாண்டும்வரை படகு தொட்டில்போல ஆடிற்று. அதன்பின்னர் பாக்குநீரிணையின் அலை வந்து பக்கவாட்டிலே அறையத் தொடங்கியது. பங்குனிக் கடலே இவ்வாறிருந்தால் ஆடிமாதக் கடல் எவ்வாறிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். மேற்றட்டிலிருந்த இளைஞர்கள் ஒவ்வோர் அலைக்கும் ஆரவாரஞ் செய்தார்கள். கீழே தீவார் மூடைகளின்மேற் சாய்ந்து நித்திரை கொண்டார்கள். படகின் ஓரத்திலே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் மாத்திரம் நித்திரையின்றிக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வழியிலே நெடுங்காலம் ஓடிய குமுதினி என்னும் படகைப் பற்றி நேயர்கள் அறிந்திருப்பீர்கள். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அப்படகு நடுக்கடலிலே மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். பின்னர் அதே படகு திருத்தப்பட்டு, அதே வழியிலே, அதே மக்களை ஏற்றி ஆண்டுக்கணக்காக ஓடிற்று. வேறு படகு இல்லையென்றால் அதிலேதானே ஏற வேண்டும்! மாவிலித் துறையிலே இறந்தோருக்கு நினைவுச் சின்னம் உண்டு. இறங்கியதும் அந்த மூதாட்டி அத்திசையை நோக்கி ஒரு கணம் நின்று, பின்னர் தம் மூடையைத் தூக்கித் தலையிலே வைத்துக்கொண்டு நடந்தார்.

துறையிலே முச்சக்கரவண்டிகளும் சிறு பாரவண்டிகளும் வரிசையாக நின்றன. பார்க்க வந்தோரை அவை ஏற்றிக்கொண்டு சுற்றத் தொடங்கின. ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்புடைய தீவை அவர்கள் நான்கு மணி நேரத்திலே பார்த்து முடித்தாக வேண்டும். பிற்பகற் படகைத் தவறவிடலாகாது. ஆகையாற் கோட்டைச் சுவரின்முன் ஐந்து நிமிடம், புறாக்கூட்டின்முன் ஐந்து நிமிடம், பெருக்கமரத்தின் பொந்துக்குள் நின்று படமெடுக்கப் பத்து நிமிடம் என்று கணக்குப் போட்டு ஓடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. முன்னொரு தடவை நானும் அப்படியே வந்து அப்படியே திரும்பியவன். அன்றைக்கு என் நினைவிலே பதிந்தது பாரவண்டியின் குலுக்கம் ஒன்றேயாம்.

இம்முறை நண்பர் ஒருவரின் கடிதத்தோடு ஒரு முதியவரின் வீட்டைத் தேடிச் சென்றேன். வழிநெடுகக் கல்வேலிகள். யாழ்ப்பாணத்திலே நாம் காண்பது கிடுகுவேலி, பனையோலைவேலி, கிளுவங்கதியால் வேலி. இங்கே முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மார்பளவு உயரத்திற்கு வேலி எழுப்பியிருக்கிறார்கள். சுண்ணாம்புமில்லை, மண்ணுமில்லை, கல்லின் பல்லிலே கல்லைப் பொருத்தி வைத்தல் ஒன்றே அதன் வித்தை. இடைவெளிகள் ஊடாகக் காற்றுப் புகுந்து போவதனாற் பெருங்காற்றிலும் விழுவதில்லையாம். மாடும் ஆடும் தாண்டமாட்டா. நிலத்தைப் பயிருக்குப் பண்படுத்தும்போது கிளறியெடுத்த கல்லே வேலியாகிவிட்டது. எறிவதற்கு இடமுமில்லை, வாங்குவதற்குப் பணமும் வேண்டியதில்லை. ஓரிடத்திலே வேலி சரிந்து கிடந்தது. சிறுவன் ஒருவன் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருந்தாததைக் கீழே வைத்து, வேறொன்றை எடுத்தான். நான் நின்று பார்த்த நேரத்திலே அவன் மூன்று கற்களைத்தான் வைத்தான்.

முதியவர் என்னை வரவேற்றுத் திண்ணையிலே இருத்தினார். அவருடைய மனைவியார் மோர் கொணர்ந்தார். குடித்து முடிப்பதற்குள் முதியவர் கேட்ட முதற் கேள்வி இது:

"தம்பி, காலமைப் படகில வந்தனீங்களோ? துறையில எத்தினை பேர் மிஞ்சி நிண்டவை?"

"ஒரு பத்துப் பதினைந்து பேர் இருக்கும் ஐயா."

அவர் மனைவியாரைப் பார்த்தார். அம்மையார் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றார். பிறகு மெல்ல மெல்ல விடயம் வெளிவந்தது. முதியவருக்கு நெடுநாளாக நீரிழிவு. ஊசிமருந்து வாங்குவதற்கு மகன் முதல்நாள் யாழ்ப்பாணம் போயிருந்தான். காலைப் படகிலே வரவேண்டியவன் வரவில்லை. மருந்து வெப்பத்திலே கெட்டுப்போகாதிருக்கச் சுடுநீர்ப்போத்தலிலே பனிக்கட்டி இட்டு அதனுள் வைத்துக் கொண்டுவருவது வழக்கம்.

நேயர்களே, அந்த மோர் அதற்கு மேல் என் தொண்டையிலே இறங்கவில்லை.

பிற்பகற் படகு பார்க்க வந்தோரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அது போனதும் தீவிலே ஒரு மாறுதல் உண்டாயிற்று. பாரவண்டிகள் நின்றன. தெருப்புழுதி அடங்கிற்று. அதுவரை எங்கோ ஒதுங்கியிருந்த மாடுகள் தெரு நடுவிலே வந்து நின்றன. கடைக்காரர் பாயை விரித்துப் படுத்தார். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டாருடன் வேலிக்கு மேலாகப் பேசும் குரல்கள் கேட்கத் தொடங்கின. நெடுந்தீவு நெடுந்தீவாரிடம் திரும்பி வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். முன்னைய தடவை நான் பாராது போனது இதனைத்தான்.

பொழுது சாயும் நேரத்திலே மகன் வந்து சேர்ந்தான். படலையைத் திறந்தபோதே அவனை நான் அறிந்துகொண்டேன். போத்தலிலே பனிக்கட்டி முற்றாகக் கரைந்து நீராகியிருந்தது. நீர் சற்றுக் குளிர்ச்சியாகவே இருந்ததனால் மருந்து பழுதுபடவில்லையென்று அவன் சொன்னான். தாயார் அதனை மண்பானையை அடுத்து நிழலிலே பத்திரமாக வைத்தார். இளைஞன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனும் என்னை அறிந்துகொண்டான் என்பது அச்சிரிப்பிலே தெரிந்தது. ஆனால் ஒரு சொல்லுஞ் சொன்னானில்லை.

இராச்சாப்பாடு புட்டும் மீன்குழம்பும். உண்ட பின்னர் முற்றத்திலே பாயில் இருந்தபோது நானே சொல்லிவிட்டேன். கடைசி இடத்தைப் பிடித்தவன் நான். மிஞ்சி நின்ற முதலாள் உங்கள் மகன் என்றேன். முதியவர் சிறிது நேரம் சுருட்டைப் புகைத்தார்.

"நீங்கள் என்ன செய்யிறது தம்பி? அவை எண்ணித்தானே ஏத்துறவை" என்றார்.

அம்மையார் அத்தனை இலகுவிலே விட்டுவிடவில்லை. "வந்து பாக்கிறவை வரட்டும். வந்தால்தானே எங்கட பெடியளுக்கும் ஓட்டம் கிடைக்கும். ஆனால் ஒரு பத்து இடத்தையாவது ஊர்ச்சனத்துக்கெண்டு விட்டால் என்ன குறைஞ்சு போகும்? பாக்கிறவைக்கு நாளைக்கும் பாக்கலாம். எங்களுக்குக் கிளினிக்கும் கோடும் சோதினையும் செத்தவீடும் நாளைக்கு நிக்குமோ?"

புதிய படகுகள் சேவைக்கு வராமலில்லை. 2017ஆம் ஆண்டிலே நெடுந்தாரகை என்னும் படகு வந்தபோது தீவு முழுவதும் மகிழ்ந்ததென அவர்களே சொன்னார்கள். ஆயினும் விடுமுறை நாள்களிலே துறையில் நிற்போர் தொகை படகின் தொகையைவிட வேகமாகப் பெருகிவிட்டது. அம்மையார் கூறியது பெருஞ்செலவு பிடிக்கும் யோசனையன்று. ஒரு கயிற்றை நடுவே கட்டி இரண்டு வரிசை ஆக்கினாலே போதும்.

அன்றிரவு நான் நெடுநேரம் விழித்திருந்தேன். கடலின் ஓசை எப்பக்கத்திலிருந்து வருகிறதென்று சொல்ல இயலவில்லை, எப்பக்கமும் கடல்தானே. பனைகளிலே காற்று உரசியது. எங்கேயோ குளம்பொலி கேட்டது.

விடியுமுன்னே இளைஞன் என்னை எழுப்பிக் குதிரைகளைக் காட்ட அழைத்துச் சென்றான். தெற்கே மரமற்ற பரந்த புல்வெளி. பனிமூட்டத்துக்குள்ளே மட்டக்குதிரைகள் இருபது முப்பது கூட்டமாக நின்றன. செந்நிறம், கபிலநிறம், ஒன்றிரண்டு வெள்ளை. ஐரோப்பியர் காலத்திலே கொண்டுவரப்பட்ட குதிரைகளின் சந்ததி இவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே லெப்டினன்ட் நோலன் என்னும் பிரித்தானிய அதிகாரி இங்கே குதிரைப் பண்ணையை நடத்தினார்; அக்காலத்து இலாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. பண்ணை கலைந்தது, அதிகாரிகள் போய்விட்டார்கள், குதிரைகளுக்குப் போவதற்குப் படகில்லை. இருநூறு ஆண்டுகளாக உடையவரின்றித் தாமே மேய்ந்து தாமே பெருகி நிற்கின்றன. கடுங்கோடையிலே நீர்நிலைகள் வற்றும்போது அவை கூட்டமாக மடிந்ததுமுண்டு. கோடையிலே தொட்டிகளுக்கு நீர் ஊற்றுவது யார் என்று கேட்டேன். "நாங்கள்தான். ஆனால் முதல் எங்களுக்கு வேணுமே" என்றான் இளைஞன்.

உண்மையிலே இத்தீவின் வரலாறு கோட்டைகளிலே இல்லை, கிணறுகளிலேதான் இருக்கிறதென்று சொல்லத் தோன்றுகின்றது. சுண்ணக்கற்பாறைக்குள்ளே மழைநீர் இறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய படலமாகத் தங்குகின்றது. நன்னீர் இலேசானது, உப்புநீர் பாரமானது. அளவோடு அள்ளினால் நன்னீர் வரும். ஆசைப்பட்டு அள்ளினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். பின்னர் அடுத்த மாரிவரை அக்கிணறு உதவாது. ஆகவே விடியற்காலையிலே பட்டை கொண்டு இத்தனை குடம் என்று கணக்காக அள்ளுகிறார்கள். சாறாப்பிட்டியிலே நல்ல நீருள்ள பழைய கிணறுகள் உள. தீவின் வேறு பகுதிகளுக்கும் அங்கிருந்தே நீர் போகின்றது. முதல்நாள் மாலை நான் நகரத்து வழக்கப்படி தாராளமாக அள்ளி அள்ளித் தலையிலே ஊற்றியபோது அம்மையார் ஏன் அடுக்களை வாசலிலே வந்து நின்று பார்த்தார் என்பது எனக்கு மறுநாட் காலையிலேதான் விளங்கிற்று. விருந்தினனிடம் எவ்வாறு சொல்வது என்று நின்றிருக்கிறார். இரண்டாம் நாள் நான் நான்கு பட்டையோடு முடித்துக்கொண்டேன்.

காண வேண்டியவற்றைக் காலாற நடந்து கண்டேன். மீகாமன் கோட்டை என்றும் போர்த்துக்கேயர் கோட்டை என்றும் ஒல்லாந்தர் கோட்டை என்றும் மூன்று பெயர் வழங்கும் அந்த இடிபாட்டின் சுவர்கள், வேலிகள் போலவே முருகைக்கல்லால் ஆனவை. சிறுவன் அடுக்கிய வேலியும் தளபதி கட்டிய கோட்டையும் ஒரே கல். வேலி நிற்கிறது, கோட்டை சரிந்துவிட்டது. பெருக்கமரம் ஆபிரிக்காவுக்கு உரியது. அராபிய வணிகர் கொணர்ந்தது என்பர். அதன் பொந்துக்குள் நான் தனியே நின்றேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சுவரெங்கும் பார்க்க வந்தோர் கத்தியாற் கீறிய பெயர்கள்.

சனிக்கிழமை பிற்பகற் படகிலே திரும்புவதென்பது என் திட்டம். முதியவரிடமும் அம்மையாரிடமும் விடைபெற்றேன். ஒரு சரை பனங்கட்டியும் சிறிது புழுக்கொடியலும் மடித்துத் தந்தார்கள். மாவிலித் துறைக்கு முன்னதாகவே வந்து வரிசையிலே நின்று, இம்முறை நடுவிலேயே இடம்பெற்று, படகினுள் அமர்ந்தேன். படகு நிறைந்தது. குறுக்கே கை நீண்டது. அப்பொழுது ஓர் ஆச்சியும் பேர்த்தியும் ஓடிவந்தார்கள். புங்குடுதீவிலே ஆச்சியின் தமையனார் இறந்துவிட்டார். அன்று மாலையே தகனம். செய்தி அப்பொழுதுதான் வந்ததாம். ஆச்சி அழவில்லை, இறங்குதுறைத் தூணைப் பிடித்தபடி இளைத்துக்கொண்டு நின்றார்.

படகுக்காரர் உள்ளே திரும்பி, "ஆரும் ரெண்டு பேர் இறங்குவியளோ? காலமை முதற் படகில போகலாம்" என்று கேட்டார்.

நான் உடனே எழுந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான். ஆனால் முதலில் எழுந்தவன் நானல்லன். எதிரே குருநாகலிலிருந்து நண்பர் கூட்டத்தோடு வந்த ஒரு சிங்கள இளைஞன் இருந்தான். தமிழ் அவனுக்குத் தெரியாது. ஆச்சியின் முகத்தையும் படகுக்காரரின் இரு விரல்களையும் பார்த்தான். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான். நண்பர்கள் கூச்சலிட்டார்கள், அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். அதன்பின்னரே நான் எழுந்தேன். ஆச்சி என் தோளைப் பற்றிக்கொண்டு உள்ளே கால் வைத்தார். பேர்த்தி "பெரிய உபகாரம்" என்றாள். படகு புறப்பட்டது.

ஒரு விருந்தினனை அனுப்பிவைத்த வீட்டுக்கு இருவராகத் திரும்பினோம். அம்மையார் படலையிலே நின்றபடியே கண்டுகொண்டு அடுப்பை மூட்டச் சென்றார். அன்றிரவு ஒடியற்கூழ். குருநாகல் இளைஞன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தான். எனக்குத் தெரிந்த சிறிது சிங்களமும் முதியவர் முன்னொரு காலத்திலே தென்னிலங்கைக் கடையொன்றில் நின்றபோது பழகிய சிங்களமும் பேச்சை நடத்தப் போதுமாயிருந்தன. அவனுடைய தகப்பனாருக்கும் நீரிழிவாம். ஊசிமருந்தைப் பானையின் நிழலிலே வைத்திருந்ததை அவன் எழுந்துபோய்ப் பார்த்தான். நெடுநேரம் அந்தப் பானையருகே குந்தியிருந்தான்.

ஞாயிறு அதிகாலைப் படகிலே கூட்டமில்லை. மீன்பெட்டிகள், இரண்டு ஆடு, ஊருக்குத் திரும்பும் ஆசிரியை ஒருவர், வைத்தியசாலைக்குப் போகும் நோயாளர் சிலர், நாங்கள் இருவர். கடல் தகடுபோற் கிடந்தது. குறிகட்டுவானை அண்மியபோது இளைஞன் என் கையைத் தொட்டு எதிரே காட்டினான். துறையிலே வரிசை அதற்குள் தொடங்கிவிட்டது, தெருவரைக்கும் நீண்டிருந்தது. பைகளும் படப்பெட்டிகளும் முன்னாலே; அவற்றுக்குப் பின்னாலே, வெகு தூரத்திலே, மூடைகளும் ஒரு தையல் இயந்திரமும் தெரிந்தன. கரையேறிய பின் நான் தலைகளை எண்ணிப் பார்த்தேன். தையல் இயந்திரத்தை வைத்திருந்த பெண் அன்றைய படகின் தொகைக்குள் வருவாளா என்று கணக்குப் பார்க்கையில், யாழ்ப்பாண பஸ் புறப்படும் ஒலியை எழுப்பிற்று. நாங்கள் ஓடிப்போய் ஏறிக்கொண்டோம்.